மறுபடியும் கடல் தொட்டி: திரும்பி வருகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது, மன்னார்குடியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் பவளமும் கடல் மீனும் வளர்க்கிற மூன்றடி ரீஃப் தொட்டி ஓடிக்கொண்டிருந்தது. ஏழு வருடம் பார்த்துப் பார்த்து வளர்த்தது. கரண்ட் போனதும் இன்வெர்டர் அன்று மதியம் வரை இழுத்தது. மூன்றாம் நாள் காலையில் தண்ணீர் பால் கலந்தது போல வெளுத்திருந்தது, முட்டை அழுகிய நாற்றம். எங்கள் தெருவுக்குக் கரண்ட் வரப் பதினோரு நாள் ஆனது. அதற்கு வெகு முன்பே தொட்டியில் உயிரோடு எதுவும் இல்லை. கழுவி மாடியில் கவிழ்த்து வைத்தேன். மறுபடி கீழே இறக்க ஆறு வருடம் பிடித்தது.

புதிதாக ஆரம்பிப்பவர் நாலு பேரிடம் கேட்பார், படிப்பார், பயந்து பயந்து செய்வார். விட்டுவிட்டுத் திரும்புகிறவருக்கு அந்தப் பயம் இருக்காது. கை பழைய பழக்கத்திலேயே போகும். நானும், கும்பகோணத்திலும் திருவாரூரிலும் இதேபோலத் திரும்பி வந்த நண்பர்களும் சறுக்கியது பெரும்பாலும் அங்கேதான்.

முதலில் பழைய சாமான். வருடக்கணக்கில் வெயிலில் காய்ந்த தொட்டியின் சிலிக்கான் ஒட்டு, பார்க்க நன்றாக இருந்தாலும், விட்டுப்போயிருக்கலாம். வாசலில் சமதளமாக வைத்து நிரப்பி ஒரு வாரம் விட்டுப் பாருங்கள், அப்புறம் கூடத்துக்குக் கொண்டுபோகலாம். மோட்டாரில் சுண்ணாம்பு படிந்திருந்தால் வினிகரில் ஒரு ராத்திரி ஊறினால் போய்விடும். பழைய மணலைத் தூக்கிப் போடுங்கள். காலாவதியான டெஸ்ட் கிட்டையும் அப்படியே. அந்தத் தொட்டியில் எப்போதாவது செம்பு கலந்த மருந்து ஊற்றியிருந்தால், அதை மீனுக்கு மட்டும் வைத்துக்கொள்வது நல்லது. பழைய கல்லும் மணலும் செம்பைப் பிடித்து வைத்துக்கொண்டு மெல்ல மெல்ல விடும். இறாலும் நத்தையும் பவளமும் அதைத் தாங்காது.

அடுத்தது தண்ணீர். கடல் ஒரு மணி நேரத் தொலைவில் இருப்பதால் டெல்டாக்காரர்களுக்கு ஒரு ஆசை வரும்: தரங்கம்பாடியிலோ வேளாங்கண்ணியிலோ நாலு கேன் பிடித்து வந்தால் என்ன? பங்குனி, சித்திரையில் அது ஓரளவு சரியாகக்கூடப் போகலாம். ஐப்பசி, கார்த்திகையில் கொள்ளிடமும் அத்தனை வடிகால் ஆறுகளும் வயல் தண்ணீரைக் கொண்டுபோய்க் கொட்டும்போது, கரையோரத் தண்ணீரில் உப்பு இறங்கிவிடும். சேறும் வரும், உர மிச்சமும் வரும். ஒவ்வொரு முறையும் வேறு தண்ணீர். பவளத்துக்கு அந்த மாற்றம்தான் எமன்.

இன்னொரு நண்பர் வேதாரண்யத்துக் கல்லுப்பைக் கரைத்தால் போதாதா என்று கேட்டார். கடலிலிருந்து வந்த உப்புதானே என்பது அவர் கணக்கு. உப்பளத்தில் என்ன நடக்கிறது என்று பார்த்தால் பதில் கிடைத்துவிடும். பாத்தியில் தண்ணீர் சுண்டச் சுண்ட முதலில் சுண்ணாம்பு படியும், அடுத்து ஜிப்சம், அதன் பிறகுதான் உப்பு பூக்கும். மிஞ்சுகிற கசப்பு நீரை வடித்துவிடுவார்கள். கடலின் கால்சியத்தில் பெரும்பங்கு உப்புக்கு முன்னாலேயே படிந்துவிடுகிறது, மக்னீசியத்தில் பெரும்பங்கு வடித்த நீரோடு போய்விடுகிறது. கடல் நீரில் லிட்டருக்குக் கால்சியம் சுமார் 410 மில்லிகிராம், மக்னீசியம் சுமார் 1,290 மில்லிகிராம் இருக்க வேண்டும். கல்லுப்புக் கரைசலில் அந்த அளவு வரவே வராது. தொட்டிக்கென்றே கலந்து விற்கிற மரைன் சால்ட் மிக்ஸ் விலை அதிகம்தான், ஆனால் அதற்கு மாற்று இல்லை. 180 லிட்டர் தொட்டிக்கு, லிட்டருக்கு 35 கிராம் என்று வைத்தால், ஆறேகால் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே பிடிக்கும்.

அதைக் கரைக்கும் நன்னீரிலும் ஏமாறுவோம். வீட்டு ஆர்ஓ தண்ணீரை நானும் கண்ணை மூடிக்கொண்டு ஊற்றினேன். குடிக்கிற ஆர்ஓ மெஷின்கள் பலவற்றில் ருசிக்காக டிடிஎஸ், அதாவது கரைந்திருக்கும் உப்புகளின் அளவைக் கூட்டும் வால்வோ மினரல் கார்ட்ரிட்ஜோ இருக்கும். எங்கள் மெஷினில் மீட்டரை வைத்துப் பார்த்தபோது 70 காட்டியது. ரீஃப் தொட்டிக்கு அது பூஜ்யமாக இருக்க வேண்டும். அந்தக் கார்ட்ரிட்ஜுக்கு முன்னாலேயே தனியாக ஒரு குழாய் எடுத்து, மிச்ச உப்புகளையும் பிடித்துக்கொள்ளும் டிஐ ரெசின் வழியாக விட்டபின் மீட்டர் பூஜ்யத்துக்கு வந்தது, கண்ணாடியில் படிந்த பழுப்புப் பாசியும் மெதுவாக நின்றது. உப்பை அளக்க, முள் ஆடும் பழைய பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டரை நம்பாதீர்கள். ரிஃப்ராக்டோமீட்டர் வாங்குங்கள், அதை 35 பிபிடி (ஆயிரத்துக்கு 35 பங்கு உப்பு) அளவுக் கரைசல் வைத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இனி நான் அழுத்திச் சொல்ல விரும்பும் ஒன்று. பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன்பு, கடலிலிருந்து எடுத்த, நுண்ணுயிர்கள் குடியிருக்கும் பவளக் கல்லான லைவ் ராக் கைமாறுவது சாதாரணமாக இருந்தது. நாங்களும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. ஆனால் சட்டம் அப்போதே இருந்தது. பாறை கட்டும் கடினப் பவளங்கள் அத்தனையும், கடல் விசிறியும், கடல் குதிரையும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்கும் யானைக்கும் உள்ள அதே பாதுகாப்பு. செத்த பவளக் கல்லும் அதில் அடங்கும். யாராவது மன்னார் வளைகுடாக் கல் இருக்கிறது, குறைந்த விலைக்குத் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சட்டத்துக்குப் பயந்து மட்டும் சொல்லவில்லை. அங்கே பவளம் 2016 கோடையில் வெளுத்துப்போய், பிழைத்தவை மீண்டு வரப் போராடுகின்றன. நம் கூடத்து அழகுக்கு அதிலிருந்து ஒரு துண்டைப் பெயர்ப்பது எனக்கு மனசு ஒப்பவில்லை. சிமென்டிலோ செராமிக்கிலோ செய்த கல் கிடைக்கிறது, அதை வைத்தே கட்டலாம். அதன் மேல் ஜோவா, மஷ்ரூம், லெதர் போன்ற மென்மையான பவள வகைகள் போதும். எதை வாங்கினாலும் எங்கே வளர்ந்தது என்று கேட்டு, பில் வாங்கிக்கொள்ளுங்கள். மீனிலும் அப்படித்தான். கொள்ளிடத்தைத் தாண்டினால் வருகிற பரங்கிப்பேட்டையில், அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்திலேயே கோமாளி மீனைக் குஞ்சு பொரிக்க வைத்திருக்கிறார்கள். பண்ணையில் பிறந்த மீன் தீனிக்குப் பழகியிருக்கும், சாகிற விகிதமும் குறைவு.

செயற்கைக் கல்லில் ஆரம்பித்தால் பழைய வேகத்தை மறந்துவிட வேண்டும். அப்போதெல்லாம் கல்லோடு பாக்டீரியாவும் நுண்ணுயிரும் சேர்ந்தே வந்ததால் இரண்டு வாரத்தில் மீன் விட்டோம். இப்போது கல் வெறும் கல். அம்மோனியா நைட்ரைட்டாகி, நைட்ரைட் நைட்ரேட்டாக மாற நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். அதன் பிறகும் பழுப்பு, பச்சை, சிவப்பு என்று பாசி மாறி மாறி வரும். அந்தக் கட்டத்தில் நான் செய்தது பெரிய தப்பு. நைட்ரேட், பாஸ்பேட் இரண்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும் என்று அந்தக் காலத்தில் மண்டையில் ஏற்றியிருந்தோம். கழிவை நுரையாக்கி வெளியேற்றும் ஸ்கிம்மரை முழுவேகத்தில் விட்டு, பாஸ்பேட் உறிஞ்சும் மருந்தும் போட்டு இரண்டையும் துடைத்தேன். பத்து நாளில் கல் முழுக்கக் குமிழி கட்டிய பழுப்புச் சளி. டைனோ என்கிற நுண்ணுயிர். போட்டிக்கு வேறு பாசி இல்லாத பட்டினித் தண்ணீர்தான் அதற்கு வாய்ப்பான இடம். மருந்தை எடுத்துவிட்டு, மீனுக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தீனி போட்டு, நைட்ரேட் 5 முதல் 10 பிபிஎம், பாஸ்பேட் 0.03 முதல் 0.1 வரை நிற்கும்படி பார்த்துக்கொண்டேன். இரண்டு மாதம் கழித்துத்தான் அது விலகியது.

விளக்கிலும் அதே கதை. முன்பு டி5 ட்யூப் எரிந்த இடத்தில் எல்இடி மாட்டினேன். கண்ணுக்கு வெளிச்சம் அதே மாதிரிதான் தெரிந்தது. மூன்றாம் நாள் காலை மஷ்ரூம், விரித்த குடை மாதிரி இருந்தது, சுருங்கிப் பட்டன் அளவுக்கு வந்து, கல்லின் நிழல் பக்கமாக ஒண்டிக்கொண்டிருந்தது. நீல ஒளி நம் கண்ணுக்கு மங்கலாகத் தெரியும், பவளத்துக்குள் குடியிருக்கும் நுண்பாசிக்கு அது வெயில். இருபது, முப்பது சதவீதத்தில் ஆரம்பித்து, வாரம் ஐந்து சதவீதம் என்று கூட்டுங்கள்.

அக்னி நட்சத்திரத்தில் தொட்டித் தண்ணீர் 32 டிகிரிக்கு ஏறிவிடும். பவளத்துக்கு 25, 26தான் சுகம். வெயில் விழாத கீழ்வீட்டு அறையில் தொட்டியை வைப்பது முதல் வேலை. அடுத்து, தண்ணீர் மேல் படும்படி ஒரு சின்ன ஃபேன். இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஆனால் தஞ்சாவூரின் வறண்ட காற்றில் இறங்குகிற அளவுக்கு நாகப்பட்டினத்துப் புழுக்கத்தில் இறங்காது, கடற்கரை ஊர்க்காரர்கள் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லருக்குக் காசு ஒதுக்க வேண்டியிருக்கும். ஃபேன் போட்டால் தண்ணீர் வேகமாக ஆவியாகும், உப்பு அப்படியே தங்கும். என் 180 லிட்டர் தொட்டியில் மே மாதம் நாளுக்கு நாலு லிட்டர் போனது. ஒரு கல்யாணத்துக்காக ஐந்து நாள் வீட்டைப் பூட்டிவிட்டுப் போயிருந்தால் 20 லிட்டர் குறைந்து, 35 பிபிடி உப்பு 39ஐத் தாண்டியிருக்கும். குறைகிற தண்ணீரைத் தானே நிரப்பும் ஆட்டோ டாப் அப் வாங்க யோசிக்காதீர்கள். குறைந்ததை நன்னீரால் மட்டும் நிரப்ப வேண்டும்.

சென்னை கொளத்தூரிலிருந்து பார்சலில் மீன் வரும்போது, பையைத் திறந்து இரண்டு மணி நேரம் சொட்டுச் சொட்டாகத் தொட்டித் தண்ணீர் விடுவது நம் பழைய பழக்கம். இரவெல்லாம் பயணம் செய்த பைக்குள் அம்மோனியா சேர்ந்திருக்கும். கரியமில வாயுவும் சேர்ந்து பிஎச் இறங்கியிருப்பதால் அதன் விஷம் அடங்கியிருக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேறி, பிஎச் ஏறி, மீன் அந்த விஷத்திலேயே இரண்டு மணி நேரம் நிற்கும். தனித் தொட்டியில் உப்பளவைப் பையின் அளவுக்கே முன்கூட்டி வைத்து, வெப்பம் சமமானதும் மீனை மட்டும் எடுத்து விடுங்கள். அங்கே நாலு வாரம் இருக்கட்டும். வெள்ளைப் புள்ளி நோய் பெரிய தொட்டிக்குள் நுழைந்துவிட்டால், மீன் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு வாரக்கணக்கில் காலியாக விட வேண்டியிருக்கும். செம்பு மருந்து போடுவதென்றாலும் இந்தத் தனித் தொட்டியில் மட்டும்தான்.

கடைசியாக, கரண்ட். 2018ல் நான் செய்த தவறு, தொட்டி முழுவதையும் வீட்டு இன்வெர்டரில் மாட்டியிருந்தது. விளக்கு, ஸ்கிம்மர், பெரிய மோட்டார் எல்லாம் சேர்ந்து பேட்டரியைக் குடித்தன. அந்த நேரத்தில் உயிர்களுக்கு வேண்டியது தண்ணீர் அசைவும், அதனால் கரையும் ஆக்சிஜனும் மட்டும்தான். விளக்கு இல்லாமல் பவளம் சில நாள் தாங்கும். இப்போது 12 வோல்ட் பேட்டரி ஒன்று தனியாக, அதில் தண்ணீரை அசைக்கும் 10 வாட் வேவ்மேக்கர் மட்டும் நேரடியாக ஓடுகிறது, நடுவில் இன்வெர்டர் இல்லை. அதுவே சும்மா தின்கிற கரண்ட் மிச்சம். 100 ஆம்ப்-ஹவர் பேட்டரியில் பாதியைச் செலவழித்தாலும் இரண்டரை நாள் வரும், சார்ஜ் செய்ய மொட்டை மாடியில் ஒரு சோலார் பலகை இருக்கிறது. போன ஐப்பசியில் மழையோடு சேர்ந்து ஒன்றரை நாள் கரண்ட் இல்லை. ராத்திரி இரண்டு மணிக்கு டார்ச் அடித்துப் பார்த்தேன். கோமாளி மீன் இரண்டும் லெதர் பவளத்தின் மடிப்பில் படுத்திருந்தன, தண்ணீரின் மேல்பரப்பு லேசாகச் சுழன்றுகொண்டிருந்தது.