லேப்டாப்புக்கு ரேம் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

ரேம் கூட்ட நினைப்பவர்கள் முதலில் கேட்பது "எத்தனை ஜிபி போடலாம்?" என்பதைத்தான். அதற்கு முன்னால் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ரேம் குறைவுதான் உங்கள் சிக்கலா? இந்த லேப்டாப்பில் ரேமை மாற்ற இடம் இருக்கிறதா? இவற்றுக்கு விடை தெரியாமல் வாங்கிய ஸ்டிக் (ரேம் சிப்கள் பொருத்திய சிறு பலகை), பிரித்த பெட்டியோடு கடைக்கே திரும்பிப் போகும்.

முதல் கேள்விக்கான விடை விண்டோஸிலேயே இருக்கிறது. தினமும் திறக்கும் நிரல்கள், பிரவுசர் டேப்கள் எல்லாவற்றையும் திறந்து வையுங்கள். பிறகு கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், அதற்குள் மெமரி என்று போங்கள். பயன்பாடு 85 சதவீதத்தைத் தாண்டியே நிற்கிறதா, "கமிட்டட்" (நிரல்களுக்கு ஒதுக்கியிருக்கும் மொத்த மெமரி) என்ற இடத்தில் முதல் எண் உங்கள் ரேம் அளவைவிட நன்றாகக் கூடுதலாக இருக்கிறதா, டிஸ்க்கும் ஓயாமல் ஓடுகிறதா என்று பாருங்கள். மூன்றும் சேர்ந்து நடந்தால் ரேம் போதவில்லை. பாதி ரேம் காலியாக இருந்தும் லேப்டாப் மந்தமாக இருந்தால் கோளாறு வேறிடத்தில். உள்ளே இன்னும் பழைய ஹார்ட் டிஸ்க்தான் சுழல்கிறது என்றால் ரேமுக்கு வைத்திருக்கும் பணத்தை எஸ்எஸ்டிக்கு (சுழலும் பாகம் இல்லாத வேகமான டிஸ்க்) கொடுங்கள். வித்தியாசம் அங்கேதான் தெரியும்.

மாற்ற முடியுமா?

அதே மெமரி பக்கத்தில் "ஃபார்ம் ஃபேக்டர்" என்று ஒரு வரி உண்டு. "எஸ்ஓடிம்" என்று இருந்தால் கழற்றி மாட்டக்கூடிய ஸ்டிக். "ரோ ஆஃப் சிப்ஸ்" என்று இருந்தால் பெரும்பாலும் மதர்போர்டிலேயே சால்டர் செய்யப்பட்ட, அதாவது கழற்ற முடியாதபடி பற்றவைக்கப்பட்ட ரேம். "ஸ்லாட்ஸ் யூஸ்டு" வரியை மட்டும் நம்ப வேண்டாம். எல்பிடிடிஆர் (மின்சாரம் குறைவாக எடுக்கும்) வகை ரேம் உள்ள மெல்லிய லேப்டாப்களில் 4-இல் 4, 8-இல் 8 என்றெல்லாம் காட்டும். உள்ளே திறந்தால் ஒரு ஸ்லாட்கூட இருக்காது.

சில வகைகளில் யோசிக்கவே தேவையில்லை. 2020 முதல் வந்த எம் வரிசை மேக்புக்குகளிலும், இன்டெல் கோர் அல்ட்ரா 200வி வரிசை லேப்டாப்களிலும் ரேம், பிராசசரின் பேக்கேஜிலேயே (பிராசசர் சிப் அமர்ந்திருக்கும் அதே சிறு பலகையில்) இருக்கிறது. வாங்கும்போது என்ன அளவோ கடைசிவரை அதுதான். இன்னொரு வகையில் 8 ஜிபி சால்டர் செய்யப்பட்டு, அதோடு ஒரே ஒரு ஸ்லாட் காலியாக இருக்கும். அதில் நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டியது ஒரு ஸ்டிக் மட்டுமே. மிகச் சில புதிய லேப்டாப்களில் ஸ்க்ரூ போட்டு இறுக்கும் எல்பிகேம்2 என்ற தட்டையான பலகை வருகிறது. சாதாரண ஸ்டிக் அதில் பொருந்தாது.

ஐயம் தீர ஒரே வழி, உங்கள் மாடலுக்கான சர்வீஸ் மேனுவலைத் தயாரிப்பாளரின் தளத்தில் எடுத்துப் பார்ப்பது, அல்லது பின்மூடியைத் திறந்து நேரில் பார்ப்பது. மாடல் பெயர் மட்டும் போதாது. ஒரே பெயரில் ஸ்லாட் உள்ளதும் இல்லாததுமாக இரண்டு வகை விற்கப்படுவது உண்டு. அடியில் ஒட்டியிருக்கும் முழு எண்ணை வைத்துத் தேடுங்கள்.

தலைமுறையும் மின்னழுத்தமும்

டிடிஆர் என்பது ரேமின் வகை, பின்னால் வரும் எண் அதன் தலைமுறை. லேப்டாப் ஸ்டிக்குகளில் டிடிஆர்3-க்கு 204 பின் (தொடுமுனை), டிடிஆர்4-க்கு 260, டிடிஆர்5-க்கு 262. நடுவில் வெட்டப்பட்ட பள்ளமும் ஒவ்வொன்றிலும் இடம் மாறியிருக்கும். அதனால் ஒன்றின் ஸ்லாட்டில் இன்னொன்று உட்காராது. அழுத்தினால் ஸ்லாட்தான் உடையும்.

ஆபத்து உள்ள இடம் டிடிஆர்3-இல். 1.5 வோல்ட் கேட்கும் டிடிஆர்3-க்கும் 1.35 வோல்ட்டில் ஓடும் டிடிஆர்3எல்-க்கும் பள்ளம் ஒரே இடத்தில்தான். இரண்டும் அழகாக உட்காரும். ஆனால் இன்டெல் 4, 5-ஆம் தலைமுறை லேப்டாப் பிராசசர்கள் டிடிஆர்3எல் மட்டுமே கேட்பவை. 1.5 வோல்ட் ஸ்டிக்கை மாட்டினால் பெரும்பாலும் திரை கறுப்பாகவே நிற்கும். மறுபக்கம், டிடிஆர்3எல் ஸ்டிக் 1.5 வோல்ட்டிலும் ஓடும். எனவே டிடிஆர்3 காலத்து லேப்டாப் எதுவானாலும் "எல்" உள்ளதையே கேட்டு வாங்குங்கள்.

ஸ்டிக்கின் லேபிளைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. "8ஜிபி 1ஆர்எக்ஸ்8 பிசி4-3200ஏஏ" என்பதில் பிசி4 என்றால் டிடிஆர்4, 3200 என்பது வேகம். சில லேபிள்களில் வேகத்துக்குப் பதில் பிசி4-25600 என்று இருக்கும். பயந்துவிட வேண்டாம், 8-ஆல் வகுத்தால் அதே 3200. நடுவில் உள்ள 1ஆர்எக்ஸ்8 என்ற பகுதியைப் பலர் கவனிப்பதில்லை. 1ஆர் என்றால் ஒரு ரேங்க் (சேர்ந்து இயங்கும் சிப்களின் ஒரு தொகுதி), எக்ஸ்8 என்றால் ஒவ்வொரு சிப்பும் 8 பிட் அகலம். அதே கொள்ளளவில் 1ஆர்எக்ஸ்16 என்று மலிவாக வரும் ஸ்டிக்கில் நான்கே சிப்கள் இருக்கும். பேங்க் குரூப்புகள் (சிப்புக்குள் மாறி மாறி வேலை செய்யும் பிரிவுகள்) பாதியாகக் குறைவதால், பிராசசருக்குள் இருக்கும் கிராபிக்ஸை நம்பி ஓடும் லேப்டாப்பில் அது சற்றுப் பின்தங்கும். 8 ஜிபி டிடிஆர்5 ஸ்டிக்குகள் பெரும்பாலும் இப்படித்தான் வருகின்றன. டிடிஆர்5-இல் 16 ஜிபியிலிருந்து தொடங்குவது நல்லது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வேகத்துக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

பிராசசர் ஏற்கும் வேகத்துக்கு மேல் காசு கொடுக்காதீர்கள். கோர் ஐ5-8250யு டிடிஆர்4-ஐ 2400 வேகத்தில் ஓட்டுவது. 3200 ஸ்டிக்கை மாட்டினாலும் 2400-லேயே ஓடும். கெடுதல் இல்லை, லாபமும் இல்லை. இரண்டு ஸ்டிக்குகளின் வேகம் வேறுவேறாக இருந்தால் இரண்டும் மெதுவானதன் வேகத்துக்கு இறங்கும்.

விளையாட்டுக்கென்று விற்கும் ஸ்டிக்குகளில் ஒரு பொறி இருக்கிறது. அட்டையில் போட்டிருக்கும் வேகம் எக்ஸ்எம்பி புரொஃபைலுக்கு (சாதாரணத் தரத்தைத் தாண்டி ஓட, ஸ்டிக்கிலேயே பதித்து வைத்த அமைப்பு) உரியதாக இருக்கலாம். பெரும்பாலான லேப்டாப்களின் பயாஸில் (ஆன் செய்ததும் முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) எக்ஸ்எம்பியை இயக்க வழியே கிடையாது. விளைவு, 3200 என்று வாங்கியது 2400-இலோ 2666-இலோ ஓடும். டிடிஆர்4-இல் "1.2 வோல்ட், சிஎல்22, 3200" என்று இருப்பதுதான் சாதாரணத் தரத்தில் 3200 ஓடும் ஸ்டிக். சிஎல் எண் (ரேம் பதில் தர எடுக்கும் தாமதத்தின் அளவு) குறைவாக, வோல்ட் 1.35 என்று இருந்தால் விலகிப் போங்கள். டிடிஆர்5-க்கு அந்த இடத்தில் 1.1 வோல்ட்.

ஒன்றா, இரண்டா?

வேகத்தைவிட அதிகப் பலன் தருவது டூயல் சேனல், அதாவது பிராசசர் இரண்டு ஸ்டிக்குகளை இரண்டு வழிகளில் ஒரே நேரத்தில் பயன்படுத்துவது. டிடிஆர்4-3200 ஸ்டிக் ஒன்று நொடிக்கு 25.6 ஜிகாபைட் கொண்டுபோகும். இரண்டு சேர்ந்தால் 51.2. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில் படமும் இதே வழியில்தான் போகிறது. இன்டெல் பிராசசருக்குள் இருக்கும் ஐரிஸ் எக்ஸ்இ கிராபிக்ஸ் இதற்குக் கண்கூடான சாட்சி: ஒற்றை ஸ்டிக் மட்டும் இருந்தால் அது தன்னை வெறும் யுஎச்டி கிராபிக்ஸ் (இன்டெலின் அதைவிடத் தாழ்ந்த வகை) என்றே காட்டிக்கொள்ளும்.

ஆகவே ஒரு ஸ்லாட்டில் 8 ஜிபி, இன்னொன்று காலி என்றால், அதே தலைமுறையில் இன்னொரு 8 ஜிபி சேர்ப்பதுதான் செலவுக்கு ஏற்ற முடிவு. பழையதன் லேபிளைப் போட்டோ எடுத்து, வேகம், ரேங்க், வோல்ட் மூன்றும் ஒத்ததாக வாங்குங்கள். கம்பெனி வேறாக இருந்தாலும் பரவாயில்லை. 8-உடன் 16 சேர்த்தால் 16 ஜிபி வரை டூயல் சேனலிலும் மீதி 8 ஜிபி ஒற்றைச் சேனலிலும் ஓடும். எண்ணைப் பார்த்துப் பலர் தயங்குகிறார்கள், ஆனால் 24 ஜிபி தேவைப்படுபவருக்கு அது நல்ல கலவையே.

பிரவுசர், அலுவலக வேலை, வீடியோ அழைப்பு என்றால் 16 ஜிபி நிறைவாக இருக்கும். வீடியோ எடிட்டிங், விர்ச்சுவல் மெஷின் (கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி), பெரிய மென்பொருள் திட்டங்கள் என்றால் 32. அதற்கு மேல் தேவைப்படுபவருக்கு அது ஏன் என்று அவருக்கே தெரிந்திருக்கும்.

உச்ச வரம்பை இரண்டு இடங்களில் பாருங்கள்: லேப்டாப் தயாரிப்பாளரின் பக்கம், பிராசசர் தயாரிப்பாளரின் பக்கம். ஐ5-8250யு 32 ஜிபி வரையிலும் ஐ5-1135ஜி7 64 ஜிபி வரையிலும் ஏற்கும். லேப்டாப்பின் பக்கத்தில் இதைவிடக் குறைவாகப் போட்டிருந்தால், வெளிவந்த காலத்தில் பெரிய ஸ்டிக்குகளைச் சோதிக்காமல் விட்டிருக்கலாம். அப்படிப்பட்ட வரம்பைத் தாண்டி வாங்குவதானால் திருப்பிக் கொடுக்கும் வசதி உள்ள கடையில் மட்டும் வாங்குங்கள். 24, 48 ஜிபி டிடிஆர்5 ஸ்டிக்குகளுக்கு முதலில் பயாஸை அப்டேட் செய்ய வேண்டிவரலாம்.

மாட்டும்போது

லேப்டாப்பை முழுதாக ஷட்டவுன் செய்யுங்கள். ஸ்லீப்பும் ஹைபர்னேட்டும் போதாது. சார்ஜரை எடுத்துவிட்டு, மூடியைத் திறந்ததும் பேட்டரி கனெக்டரைக் கழற்றி, பவர் பட்டனைப் 15 விநாடி அழுத்திப் பிடியுங்கள். மின்சாரம் மிச்சமிருக்க ஸ்டிக்கை உருவினால் மதர்போர்டே போய்விடலாம். உடம்பின் நிலைமின்னூட்டம் இறங்க ஓர் உலோகப் பொருளைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

இருபக்கக் கிளிப்புகளையும் வெளிப்பக்கம் விரித்தால் பழைய ஸ்டிக் தானாகச் சாய்வாக எழும். புதியதை ஓரத்தில் பிடித்து, பள்ளம் பொருந்தும்படி சுமார் 30 பாகைச் சாய்வில் செருகுங்கள். தங்க நிறத் தொடுமுனைகள் ஏறக்குறைய முழுதும் மறைய வேண்டும். பிறகு கீழே அழுத்தினால் இரண்டு கிளிப்பும் "டக்" என்று பிடிக்கும். புது ரேம் தெரியவில்லை என்ற புகார்களில் பல, இந்தச் செருகல் அரைகுறையாக நின்றதால் வருபவை.

முதல் முறை ஆன் செய்யும்போது திரை சில நிமிடம் இருட்டாகவே இருக்கலாம், முக்கியமாக டிடிஆர்5-இல். மெமரி டிரெயினிங் (புது ரேமுக்கு ஏற்ப லேப்டாப் தன்னைச் சரிசெய்துகொள்வது) நடக்கிறது. பதறிப்போய் பவரை அணைக்காதீர்கள். பத்து நிமிடம் ஆகியும் எதுவும் வராவிட்டால் மட்டும் ஸ்டிக்கை எடுத்து மறுபடி செருகுங்கள். அப்போதும் இல்லையென்றால் புதியதை மட்டும் ஒவ்வொரு ஸ்லாட்டிலும் தனியாகப் போட்டுப் பாருங்கள். ஸ்டிக்கா, ஸ்லாட்டா என்பது தெரிந்துவிடும்.

16 ஜிபி போட்டும் விண்டோஸ் 15.7 மட்டும் பயன்படும் என்று காட்டினால் குறையல்ல, உள் கிராபிக்ஸுக்கும் பிற வன்பொருளுக்கும் ஒதுக்கியது அது. பாதியே காட்டினால் ஒரு ஸ்டிக் சரியாக உட்காரவில்லை. 4 ஜிபிக்குள்ளேயே நின்றால் விண்டோஸ் 32 பிட் பதிப்பாக இருக்கலாம். அதில் 4 ஜிபியைத் தாண்ட முடியாது.

கடைசியாக ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 நிரலை பென்டிரைவில் ஏற்றி ஓர் இரவு ஓட விடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த ஸ்டிக்கைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பிழையுள்ள ரேம் உடனே நின்றுபோகாது, மாதக்கணக்கில் கோப்புகளைச் சத்தமில்லாமல் கெடுக்கும். சோதனை முடியும்வரை கழற்றிய பழைய ஸ்டிக்கை, புதியது வந்த உறையிலேயே போட்டு வைத்திருங்கள்.