எட்டுச் செலவு முடிந்த கையோடு பாயை எரிக்காதீர்கள்: இறந்தவரின் வீட்டில் காசும் நகையும் தேடுவது எப்படி

பெரியம்மாவின் எட்டுச் செலவு, அதாவது எட்டாம் நாள் சடங்கு, முடிந்ததும் அவர் படுத்த பாயையும் தலையணையையும் வளவின் மூலையில் போட்டு எரிக்க ஆயத்தம் செய்தோம், இலங்கையின் வன்னியில், தருமபுரத்தில் எங்கள் பக்கம் அதுதான் வழக்கம். பக்கத்து வீட்டு ஆச்சி ஓடி வந்து, "பொறுங்கோ பிள்ளையள், அவள் அந்தத் தலையணியை ஒருத்தருக்கும் குடுக்கிறேல்லை" என்று மறித்தார். பிரித்துப் பார்த்தால் பஞ்சுக்கு நடுவே நீலச் சீலைத் துண்டில் சுற்றித் தைத்தபடி ஒரு சோடி காப்பும் தோடும். நெருப்புப் பெட்டி ஏற்கெனவே தம்பியின் கையில் இருந்தது.

அதற்குப் பிறகு சொந்தத்துக்குள் நான்கைந்து வீடுகள் ஒதுக்கக் கூடப் போயிருக்கிறேன். அதில் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன், இப்போது செத்த வீடு முடிந்து என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிற யாருக்காவது உதவும்.

முதலில் ஒன்றை மனதில் வையுங்கள். வன்னியில் வயதானவர்கள் கள்ளனுக்குப் பயந்து மட்டும் ஒளித்து வைக்கவில்லை. போரில் 1996இல் கிளிநொச்சியை விட்டு ஓடியவர்கள், 1997இல் வவுனியா வடக்கில் இருந்து ஓடியவர்கள், 2008, 2009இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடியவர்கள் அவர்கள். "வெளிக்கிடு" என்ற ஒரு சொல்லில் எதைத் தூக்குவது என்பதுதான் அவர்களுடைய கணக்கு. அதனால் எந்த வீட்டுக்குள் போனாலும் நான் என்னையே கேட்கிற கேள்வி இதுதான்: இந்த மனிசி இந்த இராத்திரி ஓட வேண்டி வந்திருந்தால், இருட்டில் கை எங்கே போயிருக்கும்? விடை பெரும்பாலும் படுக்கைக்கு ஒரு கை தூரத்துக்குள், அல்லது கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்குகிற பைக்குள் இருக்கும். அந்தப் பையில்தான் அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ்கள், பங்கீட்டு அட்டை, முகாமில் கொடுத்த துண்டுகள், வங்கிப் புத்தகம் எல்லாம் பொலித்தீனில் சுற்றிக் கிடக்கும். அதைக் கொட்டிப் பார்த்தால் போதாது, பையின் அடித்தட்டு அட்டையைத் தூக்கி, தையலை விரலால் தடவிப் பாருங்கள்.

தலையணை, மெத்தை, சுருட்டி வைத்த பாய், இவற்றுக்குப் பிறகு உடுப்பு. 2009இல் போர் முடிந்த முள்ளிவாய்க்கால் வரை நடந்த பெண்கள் பலர் தாலிக்கொடியைப் பாவாடை மடிப்புக்குள் வைத்துத் தைத்துக்கொண்டு வந்தவர்கள், அந்தப் பழக்கம் பிறகும் போகவில்லை. பாவாடை நாடா ஓடும் மடிப்பு, சேலை விளிம்பு, சட்டையின் உள்பை, மடித்து வைத்த கல்யாணக் கூறைக்குள்ளே ஒவ்வொரு மடிப்பும். தையல் நூலின் நிறம் ஓரிடத்தில் மாறியிருந்தால் அங்கே பிரியுங்கள். உடுப்பைத் தானம் கொடுக்க வேண்டுமென்றால் கொடுங்கள், ஆனால் இதெல்லாம் பார்த்த பிறகு. ஆண்கள் என்றால் வெற்றிலைப் பையும் கொட்டைப்பெட்டியும், சைக்கிள் இருக்கையின் அடியும், றங்குப்பெட்டியின் அடியில் விரித்த பழைய பேப்பரும்.

குசினியில் அவசரப்படக் கூடாது. பால்மாப் பேணி, சீனிப் போத்தல், செத்தல் மிளகாய் போட்ட போத்தல், உப்புச் சட்டி, அரிசிப் பரல், ஒவ்வொன்றையும் கையை விட்டுத் துழாவாமல் பாயில் கொட்டிச் சுளகில் போட்டுப் பாருங்கள். அரிசிக்குள் கிடக்கிற மூக்குத்தி கைக்குத் தட்டுப்படாது. காலியான பேணியையும் எறிய வேண்டாம், மூடிக்குள் கடதாசி ஒட்டியிருந்தால் அதையும் உரித்துப் பாருங்கள். அம்மிக்கு அடியும் ஆட்டுக்கல்லுக்கு அடியும் எல்லோருக்கும் தெரிந்த இடங்கள்தான், இருந்தாலும் இரண்டு பேர் சேர்ந்து ஒருதரம் நகர்த்துங்கள். சாமிப்படங்களின் பின் அட்டையைக் கழற்றிப் பார்ப்பதற்குக் கூச்சப்படாதீர்கள். சாமி காக்கும் என்று நம்பி வைத்ததை எடுப்பதில் பிழையில்லை.

கமக்கார வீடென்றால் அவர் எந்த மாதம் இறந்தார் என்று பாருங்கள். பெரும்போக நெல் மாசி, பங்குனியில் வீட்டுக்கு வரும். அறுவடைக்குப் பிறகு நெல் விற்ற காசும் வயல் குத்தகைக் காசும் பல வீடுகளில் அடுத்த விதைப்புச் செலவு வரை வீட்டிலேயே இருக்கும். அந்த மாதங்களில் போனவரின் வீட்டில் ஒரு தொகை காசு இல்லையென்றால், பெரும்பாலும் அது இன்னும் அகப்படவில்லை, அல்லது யாருக்கோ கைமாற்றாகப் போயிருக்கிறது. நெல் மூட்டைகளை விற்க முன் ஒவ்வொன்றாக அவிழ்த்துக் கொட்டுங்கள், தைத்த வாயில் மாற்று நூல் இருக்கிற மூட்டையை முதலில். கோழிக்கூடு, மாட்டுக் கொட்டில், விறகு அடுக்கு, சுவரும் கூரையும் சேர்கிற இடைவெளி, இங்கெல்லாம் ரோச் அடித்து, தடியால் தட்டிய பிறகுதான் கை. விரியனும் புடையனும் இருக்கிற ஊர் இது.

இனிக் கடதாசிகள். காசைவிட இதில்தான் அதிகம் போய்விடுகிறது. நகை வீட்டில் இல்லை என்றால் அடைவில், அதாவது அடகில், இருக்கலாம். அந்தத் துண்டு எங்கே என்று முதல் வாரத்திலேயே தேடுங்கள், ஏனென்றால் தவணை முடிந்து மீட்காமல் விட்டால் வங்கி ஏலத்தில் விற்றுவிடும். துண்டு கிடைக்காவிட்டாலும் மரணச் சான்றிதழை எடுத்துக்கொண்டு அவர் வழக்கமாகப் போன இலங்கை வங்கிக் கிளை, மக்கள் வங்கிக் கிளை, கிராமிய வங்கி, சமுர்த்தி வங்கி ஒவ்வொன்றிலும் கேளுங்கள். பழைய சேமிப்புப் புத்தகம் என்று எதையும் கிழிக்க வேண்டாம். பத்து வருடம் கொடுக்கல் வாங்கல் இல்லாத கணக்கு கைவிடப்பட்டதாக மத்திய வங்கிக்கு அறிவிக்கப்படும், ஆனாலும் உரித்தாளர்கள் உரிய பத்திரங்களோடு கேட்டுப் பெறலாம். சுவர் நாட்காட்டியின் ஓரத்திலும் பிள்ளைகளின் பழைய கொப்பியிலும் எழுதிய கணக்கையும் பாருங்கள். மாதாமாதம் ஒரே தொகை, பக்கத்தில் ஒரு பெயர் என்றால் அது சீட்டுக் காசு. செத்த வீட்டுக்கு வந்தவர்களிடம் தன்மையாகக் கேட்டால் யார் சீட்டுப் பிடித்தார் என்பது தெரிய வரும்.

காணிப் பத்திரமும் அப்படித்தான். வன்னியில் பல காணிகள் சொந்த உறுதி உள்ள காணி இல்லை, அரசு அனுமதிப்பத்திரம் கொடுத்த காணி. அந்த ஒற்றைத் தாளில் பின்னுரித்தாளர் (அடுத்து காணியைப் பெறுபவர்) பெயர் எழுதப்பட்டிருக்கிறதா என்பதில் ஒரு குடும்பத்தின் வீடே தங்கியிருக்கிறது. அதைக் குப்பையோடு எரித்துவிட்டுப் பிரதேச செயலகத்துக்கு வருடக்கணக்காக அலைந்தவர்களை எனக்குத் தெரியும்.

மண்ணுக்குள் புதைத்ததைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உயிர் போகிற இடம் இதுதான். ஓடும்போது நகையை எவர்சில்வர் சம்படத்திலும் போத்தலிலும் எஸ்லோன் (பிவிசி) குழாயிலும் அடைத்துப் புதைத்தவர்கள் ஏராளம். திரும்பி வந்து பார்த்தால் வீடு இல்லை, பனை இல்லை, வேலி இல்லை. இடம் மாறாமல் நிற்பது பெரும்பாலும் கிணறு மட்டும்தான். அதனால் வயதானவர்கள் உயிரோடு இருக்கும்போதே "கிணத்துக்கட்டில இருந்து எந்தப் பக்கம், எத்தனை கவடு (எட்டு)" என்று கேட்டு எழுதி வையுங்கள். அவர் போய்விட்டார் என்றால் அவரோடு சேர்ந்து ஓடிய அயலவரைக் கேளுங்கள், அந்த இராத்திரி யார் கிடங்கு வெட்டினார்கள் என்பது யாருக்காவது நினைவிருக்கும். ஆனால் இடம் தெரிந்துவிட்டது என்பதற்காக அலவாங்கைத் தூக்காதீர்கள். ஹலோ டிரஸ்ட் 2002இல் இருந்து வடக்கில் கண்ணிவெடி அகற்றி வருகிறது, இத்தனை வருடத்துக்குப் பிறகும் வேலை முற்றாக முடியவில்லை. பழைய பங்கர், தூர்ந்த கிணறு, உழுபடாத மூலை, இவற்றை நீங்களாகத் தோண்டவே வேண்டாம். முதலில் விதானையாரிடம் (கிராம அலுவலரிடம்) சொல்லி அந்தக் காணி துப்புரவாக்கிக் கையளிக்கப்பட்டதா என்று கேளுங்கள், பொலிசுக்கும் அறிவியுங்கள். துருப்பிடித்த இரும்பு எதுவும் தெரிந்தால் தொடாமல், வந்த அடியிலேயே திரும்பி வந்து 119க்கு அழையுங்கள். இரவில் ஸ்கானர் மெசினோடு வந்து "பங்குக்குத் தோண்டித் தருகிறோம்" என்பவர்களைப் படலைக்கு உள்ளே விடாதீர்கள். அனுமதியில்லாமல் புதையல் தோண்டப் போய்ப் பிடிபட்டால் காணிக்காரரான நீங்களும் வழக்கில் மாட்டக்கூடும்.

கிடைத்த நோட்டுகள் ஈரத்தில் ஒட்டியிருந்தால் பிரிக்காமல் நிழலில் உலர விடுங்கள். கறையான் அரித்தது என்றால் துகள்களையும் சேர்த்து ஒரு பெட்டியில் போட்டு வங்கிக்குக் கொண்டுபோங்கள், டேப் ஒட்ட வேண்டாம். தற்செயலாகப் பழுதான நோட்டுக்கு மாற்று வாங்க வழி இருக்கிறது. இந்தியாவில் இருந்து திரும்பி வந்தவர்களின் வீட்டில் பழைய 500, 1000 இந்திய ரூபாய் நோட்டு அகப்பட்டால் மனம் வருந்தத்தான் வேண்டும், 2016 நவம்பரோடு அவை செல்லாமல் போய்விட்டன. வெளிநாட்டுப் பிள்ளைகள் கொடுத்துவிட்டுப் போன காசு அப்படியில்லை. 20, 50 பவுண் கடதாசி நோட்டுகள் 2022 செப்டெம்பருக்குப் பிறகு கடைகளில் செல்லாது என்றாலும் இங்கிலாந்து வங்கி மாற்றித் தரும். 2021இல் மீளப்பெற்ற பழைய சுவிஸ் பிராங் நோட்டுகளை சுவிஸ் தேசிய வங்கி எப்போது கொடுத்தாலும் ஏற்கும். அங்கே இருக்கிற பிள்ளையிடம் கொடுத்துவிடுங்கள்.

தனியாகத் தேடாதீர்கள். குறைந்தது இரண்டு பேர், அதுவும் இரண்டு பிள்ளைகளின் பக்கத்தில் இருந்து ஒவ்வொருவர். கனடாவில் இருக்கிற அண்ணன் வாட்ஸப் வீடியோவில் நின்றால் இன்னும் நல்லது. எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, என்ன கிடைத்தது என்று ஒரு கொப்பியில் எழுதி எல்லோரும் ஒப்பமிடுங்கள், நகையை நிறுத்துப் படம் எடுங்கள். அன்றைக்கே பங்கு பிரிக்க வேண்டாம். வடக்குத் தமிழருக்கான வழமைச் சட்டமான தேசவழமையில் சீதனமும், முதுசமும் (பரம்பரைச் சொத்து), தேடிய தேட்டமும் (கல்யாணத்துக்குப் பிறகு சம்பாதித்தது) ஒரே வழியில் போவதில்லை, தேடிய தேட்டத்தில் பாதி உயிரோடு இருக்கிற கணவருக்கோ மனைவிக்கோ உரியது. ஒரு சட்டத்தரணியைக் கேட்டுவிட்டுப் பங்கு பிரியுங்கள்.

சரி, எல்லாம் பார்த்தாயிற்று, அலுமாரியை விற்கப் போகிறீர்கள் என்றால் லாச்சிகளை முழுதாக வெளியே இழுத்துக் கவிழ்த்துப் பாருங்கள். பெரியம்மாவின் அடைவுத் துண்டு மூன்றாவது லாச்சியின் அடியில், சோற்றுப் பசையால் ஒட்டியபடி இருந்தது.