நடிகர்களை வீணடித்த நகைச்சுவைப் படத்துக்கு விமர்சனம் எழுதுவது எப்படி?

நல்ல நடிகர்களை வைத்துக்கொண்டு படத்தைக் கெடுத்துவிட்டார்கள் என்று எழுதுவது எளிது. அதை நிறுவுவதற்குத்தான் உழைப்பு வேண்டும். அந்த நடிகரால் என்ன செய்ய முடியும், இந்தப் படத்தில் அவருக்கு என்ன கொடுக்கப்பட்டது, கொடுக்கப்பட்டதை வைத்து அவர் என்ன செய்தார் என்ற மூன்றையும் காட்டாத விமர்சனம் வெறும் சலிப்பாகவே நின்றுவிடும். 2018 கிறிஸ்துமஸ் நாளில் அமெரிக்காவில் வெளியான 'ஹோம்ஸ் அண்ட் வாட்சன்' என்ற, ஷெர்லாக் ஹோம்ஸ் துப்பறியும் கதைகளைக் கேலி செய்யும் படத்தை முன்வைத்து, அப்படியொரு விமர்சனத்தை எழுதும் முறையைப் பார்க்கலாம்.

முதலில் நடிகர் பட்டியலை எழுதிக்கொள்ளுங்கள். ஷெர்லாக் ஹோம்ஸாக வில் ஃபெரல், வாட்சனாக ஜான் சி. ரெய்லி, ஹோம்ஸின் எதிரி மோரியார்ட்டியாக ரால்ஃப் ஃபைன்ஸ், ஹோம்ஸின் அண்ணன் மைக்ராஃப்டாக ஹியூ லாரி; இவர்களுடன் ரெபெக்கா ஹால், கெல்லி மெக்டொனால்ட், ஸ்டீவ் கூகன், ராப் பிரைடன். பெயர்களை அடுக்கினால் மட்டும் போதாது; ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அவர் சிரிக்கவைத்த ஒரு முந்தைய வேலையையும் குறித்துக்கொள்ள வேண்டும். ஃபைன்ஸுக்கு 2014இல் வந்த 'தி கிராண்ட் புடாபெஸ்ட் ஹோட்டல்' இருக்கிறது. கூகனும் பிரைடனும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசியே ஒரு தொலைக்காட்சித் தொடரை நடத்திக் காட்டியவர்கள். இந்தக் குறிப்பு கையில் இருந்தால்தான், மைக்ராஃப்ட் பாத்திரத்துக்கு ஹியூ லாரி போன்ற ஒருவரை அழைத்துவந்துவிட்டு மிகச் சிறிய பகுதியோடு அனுப்பிவிட்டார்கள் என்ற உங்கள் புகாருக்கு எடை கிடைக்கும்.

அடுத்தது படம் பார்க்கும்போது எடுக்கும் குறிப்பு. சிரிப்பு வந்ததா என்பதைக் காட்டிலும், நகைச்சுவையைத் தொடங்குபவர் யார், அதை வாங்கிக்கொள்பவர் யார், வாங்கிக்கொண்டவரின் முகத்தைக் கேமரா காட்டியதா என்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். கோமாளித்தனம் தனியாக நின்று சிரிப்பு மூட்டுவதில்லை. அதைக் கண்டு திகைக்கவோ எரிச்சலடையவோ எதிரே ஒரு தெளிந்த மனிதர் வேண்டும். ஃபெரலும் ரெய்லியும் ஆடம் மெக்கே இயக்கத்தில் 2008இல் நடித்த 'ஸ்டெப் பிரதர்ஸ்' படத்தில், வளர்ந்தும் வளராத இரண்டு மனிதர்களாக வருகிறார்கள். ஆனால் அவர்களோடு ஒரே வீட்டில் ரிச்சர்ட் ஜென்கின்ஸும் மேரி ஸ்டீன்பர்ஜனும் பொறுப்புள்ள பெற்றோராக இருந்து, ஒவ்வொரு கூத்துக்கும் விலை கொடுக்கிறார்கள். 'ஹோம்ஸ் அண்ட் வாட்சன்' படத்தில் துப்பறிபவரும் அசடு, துணைவரும் அசடு. போதாததற்கு, ஹோம்ஸ் ஒரு காட்சியில் மேதையாகவும் அடுத்த காட்சியில் முட்டாளாகவும் இருப்பதால், அவர் சறுக்கினால் சிரிக்க வேண்டுமா, வென்றால் வியக்க வேண்டுமா என்று பார்வையாளருக்குப் புரிவதில்லை. கடுகடுப்பான முகத்தோடு நின்று இந்தச் சமநிலையைக் காப்பாற்றியிருக்கக்கூடியவர் ஃபைன்ஸ். அவரையோ சில காட்சிகளுக்கு மட்டுமே பயன்படுத்தியிருக்கிறார்கள். இந்தப் படத்தின் விமர்சனத்துக்கு இதுவே முதுகெலும்பாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

பிறகு ஒரு நகைச்சுவையை மட்டும் தேர்ந்தெடுத்துப் பிரித்துப் பாருங்கள். விக்டோரியா அரசியோடு செல்ஃபி எடுக்க முயலும் காட்சியை எடுத்துக்கொள்ளலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இன்றைய பழக்கத்தைப் புகுத்தும் உத்தி முதல் நொடியில் சிரிப்பைத் தரக்கூடும்; அதன்பின் அந்தப் பழக்கம் பாத்திரங்களின் உறவையோ கதையையோ எங்காவது நகர்த்தியாக வேண்டும். இங்கே உத்தி வந்த இடத்திலேயே நின்றுவிடுகிறது. பத்துக் காட்சிகளைத் தொட்டுத் தொட்டுச் செல்வதைவிட, இப்படி ஒன்றை முழுமையாக விளக்குவது வாசகரை நம்பவைக்கும்.

பழியை எங்கே வைப்பது என்பதில் நிதானம் தேவை. படத்தை எழுதி இயக்கியவர் ஈட்டன் கோஹன். புகழ்பெற்ற அமெரிக்க இயக்குநர்களான கோயன் சகோதரர்களில் ஒருவர் ஈதன் கோயன்; அவரோடு இவரைக் குழப்பிவிட்டால் விமர்சனமே கேலிக்குரியதாகிவிடும். 2008இல் வந்த 'டிராபிக் தண்டர்' படத்தின் திரைக்கதையில் பங்குகொண்டவர் இவர் என்பதையும் சொல்லிவிடுவது நியாயம். படப்பிடிப்புத் தளத்தில் என்ன நடந்திருக்கும் என்று ஊகிக்க வேண்டாம். திரையில் தெரிவது எழுத்து, நடிப்பு, படத்தொகுப்பு ஆகியவைதாம், அவற்றைப் பற்றி மட்டும் பேசினால் போதும்.

வசூலையும் விருதுகளையும் ஓரிரு வரிகளுக்கு மேல் இழுக்காதீர்கள். இப்படம் மோசமான படம், மோசமான இயக்குநர் என்பவை உட்பட நான்கு ராஸி விருதுகளை, அதாவது ஆண்டின் மோசமான படங்களுக்குக் கேலியாகத் தரப்படும் விருதுகளை, பெற்றது. அவற்றில் ஒன்று துணை நடிகர் என்ற வகையில் ரெய்லிக்குப் போனது. ராஸியை மேற்கோள் காட்டிவிட்டு நடிகர் வீணடிக்கப்பட்டார் என்றும் எழுதினால், இரண்டும் ஒன்றையொன்று வெட்டும். அவர் மோசமாக நடித்தாரா, நடிக்க இடமில்லாமல் இருந்தாரா என்பதில் நீங்கள் ஒரு பக்கம் நிற்க வேண்டும்.

அதை முடிவுசெய்ய இந்தப் படத்துக்கு வாய்த்ததைப் போன்ற ஒப்பீடு எல்லாப் படங்களுக்கும் வாய்க்காது. 'ஹோம்ஸ் அண்ட் வாட்சன்' வெளியாகி மூன்று நாள் கழித்து, அதாவது டிசம்பர் 28 அன்று, அமெரிக்கத் திரையரங்குகளுக்கு 'ஸ்டான் அண்ட் ஆலி' வந்தது. பழைய ஹாலிவுட் நகைச்சுவை நடிகர்களான லாரல், ஹார்டி இணையின் பிற்கால மேடைப் பயணத்தைச் சொல்லும் அந்தப் படத்தில் ஹார்டியாக நடித்தவர் இதே ரெய்லி. லாரலாக நடித்தவர் இதே கூகன். ரெய்லிக்குக் கோல்டன் குளோப் பரிந்துரையும் கூகனுக்கு பிரிட்டனின் திரைப்பட விருதான பாஃப்டா பரிந்துரையும் கிடைத்தன. இரண்டு படங்களையும் அடுத்தடுத்துப் பார்த்துவிட்டு, ஒரு பத்தியில் அருகருகே வைத்து எழுதுங்கள். இந்த நடிகர்களுக்காகவே படம் பார்க்க நினைக்கும் வாசகர் எதற்கு நேரம் ஒதுக்கலாம் என்ற பரிந்துரையும் அதே பத்தியில் அமைந்துவிடும்.