கல்லீரல் புற்றுநோய் ஆபரேஷன் முடிந்தது: இனி எப்படி இருக்கும் என்பதை ரிப்போர்ட்டில் எங்கே பார்ப்பது?

ஆபரேஷன் முடிந்த அன்றைக்கே வீட்டில் யாராவது ஒருவர் போனை எடுத்து "கல்லீரல் புற்றுநோய் எத்தனை வருடம்" என்று தேடிவிடுவார். அதை முதலில் நிறுத்துங்கள். அங்கே வரும் எண்களில் பெரும்பாலானவை, ஆபரேஷனே செய்ய முடியாத நிலையில் வந்தவர்களையும் சேர்த்துப் போட்ட கணக்கு. உங்களுக்கு வேண்டியது வெட்டி எடுத்த கட்டியின் பயாப்சி ரிப்போர்ட். அது வந்ததும் முதலில் எந்த வகை என்று பாருங்கள், ஏனென்றால் மற்ற வரிகளுக்கெல்லாம் அந்த வகையை வைத்துத்தான் அர்த்தம்.

ஹெபடோசெல்லுலர் கார்சினோமா, சுருக்கமாக எச்.சி.சி. என்று இருந்தால் அதுதான் ரொம்பப் பரவலான வகை, நான்கில் மூன்று பங்குக்கு மேல் இதுதான். ஆபரேஷனுக்குத் தகுதியானவர்கள் என்று தேர்ந்தெடுக்கப்பட்டவர்களில் பாதிப் பேரோ அதற்கு மேலோ 5 வருடம் தாண்டுகிறார்கள். ஆனால் அதே 5 வருடத்துக்குள் 70 சதவீதம் பேருக்கு வரை கட்டி திரும்பவும் வருகிறது. இந்த இரண்டும் எப்படி ஒத்துப்போகும் என்று கேட்டால், திரும்பி வந்ததைச் சீக்கிரம் பிடித்தால் மறுபடி வெட்டியோ ஊசி வழியாகக் கட்டியைச் சுட்டெரித்தோ மாற்றுக் கல்லீரல் வைத்தோ சமாளிக்க வழி இருக்கிறது. முதல் 2 வருடத்தில் வருவது பெரும்பாலும் பழைய கட்டியிலிருந்து முன்பே பரவிய செல். அதற்கு அப்புறம் வருவது பல நேரம் சிரோசிஸ் ஆன, அதாவது தழும்பேறி இறுகிப்போன கல்லீரலில் புதிதாக முளைப்பது. அதனால் ரிப்போர்ட்டில் இரண்டு இடம் பாருங்கள்: நுண் ரத்தக்குழாய்களில் கட்டி புகுந்திருக்கிறதா, கட்டியைச் சுற்றியுள்ள கல்லீரலில் சிரோசிஸ் இருக்கிறதா. ஹெபடைடிஸ் பி அல்லது சி இருந்தால் அதற்கான மருந்தைப் பற்றிக் கேட்டே ஆகவேண்டும், மது இருந்தால் முழுக்க நிறுத்தவேண்டும்; கட்டிதான் போய்விட்டதே என்று இதை விட்டுவிடுபவர்கள் நிறைய.

மாற்றுக் கல்லீரல் வைத்தவர்களுக்குக் கணக்கே வேறு. ஒரே கட்டி, 5 செ.மீ.க்குள்; அல்லது மூன்று வரை, ஒவ்வொன்றும் 3 செ.மீ.க்குள் என்பது, யாருக்கு மாற்றுக் கல்லீரல் வைக்கலாம் என்று பார்க்கும் மிலான் அளவுகோல். அந்த அளவுகோலுக்கு அடிப்படையான, 1996இல் வெளியான ஆய்வில் 4 வருடம் தாண்டியவர்கள் 75 சதவீதம். கட்டியோடு நோய்ப்பட்ட கல்லீரலும் போய்விடுவதால் திரும்ப வருவதும் வெகுவாகக் குறைகிறது.

அடுத்தது கல்லீரலுக்குள் இருக்கும் பித்தக்குழாய்ப் புற்று, கோலாஞ்சியோகார்சினோமா. உண்மையைச் சொன்னால் இது எச்.சி.சி.யைவிடக் கடினம், ஆபரேஷனுக்குப் பின் 5 வருடம் தாண்டுபவர்கள் சுமார் 25 முதல் 40 சதவீதம். இதில் நிணநீர்க்கணு வரிதான் முக்கியம். என்0 என்றால் கணுவில் புற்று இல்லை, என்1 என்றால் இருக்கிறது. என்எக்ஸ் என்று போட்டிருந்தால் நல்ல செய்தி என்று நினைத்துவிடாதீர்கள், கணுவை மதிப்பிட முடியவில்லை என்றுதான் அர்த்தம். வெட்டிய ஓரம் ஆர்0 என்றால் நுண்ணோக்கியில் பார்த்தும் அங்கே புற்று செல் இல்லை, ஆர்1 என்றால் இருக்கிறது. இந்த வகைக்கு ஆபரேஷனுக்குப் பின் சுமார் 6 மாதம் கேப்சிடபின் என்ற கீமோ மாத்திரை கொடுப்பது வழக்கம், டாக்டர் சொல்லவில்லை என்றால் நீங்களே கேளுங்கள்.

இரண்டும் கலந்த வகை ஒன்று உண்டு, அதன் போக்கு பொதுவாக எச்.சி.சி.யைவிட மோசம். ஃபைப்ரோலாமெல்லர் வகை, சிரோசிஸ் இல்லாத இளம் வயதினருக்கு வருவது. முழுதாக எடுத்தால் பலர் நீண்டகாலம் வாழ்கிறார்கள், ஆனாலும் திரும்ப வருவது சகஜம். சிறு குழந்தைகளின் ஹெபடோபிளாஸ்டோமாவில் நம்பிக்கை அதிகம்: கீமோவோடு கட்டியை முழுதாக எடுக்க முடிந்தால் 80 சதவீதத்துக்கும் மேல் பிழைக்கிறார்கள். கீமோவில் சிஸ்பிளாட்டின் என்ற மருந்து கொடுத்திருந்தால் அது காதைப் பாதிக்கலாம் என்பதால் காது கேட்கும் திறனையும் பரிசோதிக்கவேண்டும். ரத்தக்குழாய்ச் செல்லில் தொடங்கும் ஆஞ்சியோசார்கோமா அரிது, ஆபரேஷன் செய்தும் பெரும்பாலும் மாதக் கணக்குதான்.

அப்புறம் ஸ்கேன். முதல் 2 வருடம் 3, 4 மாதத்துக்கு ஒருமுறை சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ., பிறகு 6 மாதத்துக்கு ஒருமுறை என்பது பொதுவான முறை. எச்.சி.சி.க்கு, கட்டி இருந்தால் பலருக்கு ரத்தத்தில் கூடும் ஒரு புரதத்தை அளக்கும் ஏ.எஃப்.பி. பரிசோதனையும் கூடவே எடுப்பார்கள். ஆபரேஷனுக்கு முன்பு அந்த அளவு கூடியிருந்ததா என்று பழைய ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். அப்போதே சாதாரணமாக இருந்திருந்தால், இப்போது சாதாரணமாக வருவதை வைத்து எதுவும் சொல்ல முடியாது, ஸ்கேனைத் தள்ளிப்போடவே கூடாது.