பிளட் டெஸ்டுக்குப் போகிறீர்களா? தேத்தண்ணி குடிக்குமுன் இதை வாசியுங்கள்

எங்கள் அம்மா முப்பது வருஷம் கொழுந்து எடுத்தவர். விடிய ஐந்து மணிக்கு ஒரு கப் தேத்தண்ணி உள்ளே போகாமல் அவருக்குக் கண்ணே திறக்காது. இரண்டு வருஷத்துக்கு முன்னால், வெறும் வயிற்றில் சீனி பார்த்து வரும்படி டாக்டர் துண்டு எழுதிக் கொடுத்தார். பஸ் பிடித்து ஹட்டனுக்குப் போய் இரத்தம் கொடுத்தோம். பின்னேரம் ரிப்போட்டைப் பார்த்தால் 148. வீட்டில் எல்லோருக்கும் முகம் செத்துப் போனது. அப்புறம்தான் அக்கா கேட்டாள், "காலையில ஏதாவது குடிச்சீங்களாம்மா?" என்று.

"சாப்பிட வேணாம்னுதானே சொன்னாங்க. தேத்தண்ணி சாப்பாடா?"

அடுத்த கிழமை ஒழுங்காகப் பட்டினி கிடந்து மறுபடி கொடுத்தார். 109. அதுவும் அவ்வளவு நல்ல எண் இல்லை, கீழே சொல்கிறேன். முதல் தடவை டெஸ்டுக்குப் போகிறவர்கள் எங்களைப் போல ஒரு நாள் சம்பளத்தையும் பஸ் காசையும் வீணாக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதல் படி: துண்டை வாசியுங்கள்

டாக்டரின் கையெழுத்து புரியாவிட்டால் அங்கேயே கேட்டுவிடுங்கள். அதிகமாக எழுதப்படுவது இவைதான். எஃப்.பி.சி. என்றால் இரத்த அணுக்களை எண்ணுவது. எஃப்.பி.எஸ். என்றால் வெறும் வயிற்றுச் சீனி. எச்.பி.ஏ.1.சி. கடந்த இரண்டு மூன்று மாதத்துச் சீனியின் சராசரி. லிபிட் புரொஃபைல் கொழுப்பு. கிரியாட்டினின் சிறுநீரகம். டி.எஸ்.எச். தைரொய்ட். சி.ஆர்.பி.யும் ஈ.எஸ்.ஆரும் உடம்பில் எங்கோ அழற்சி இருப்பதைச் சொல்லும். எங்கே, எதனால் என்று சொல்லாது.

இரண்டாம் படி: பட்டினி

எல்லா டெஸ்டுக்கும் பட்டினி தேவையில்லை. எஃப்.பி.சி.க்கும் எச்.பி.ஏ.1.சி.க்கும் சாப்பிட்டுவிட்டே போகலாம். எஃப்.பி.எஸ்.ஸுக்குக் குறைந்தது 8 மணித்தியாலம் வயிறு வெறுமையாக இருக்க வேண்டும். லிபிட் புரொஃபைலுக்கு 10 முதல் 12 மணித்தியாலம் கேட்பார்கள். இரவு எட்டு மணிக்குச் சாப்பாட்டை முடித்தால் காலை ஆறரை பஸ்ஸில் போய்க் கொடுக்கச் சரியாக இருக்கும்.

பச்சைத் தண்ணி குடிக்கலாம், குடிக்கவும் வேண்டும். அப்போதுதான் நரம்பு எடுப்பாகத் தெரியும். பால் தேத்தண்ணி, பிளேன்டீ, சீனி போடாத சாயம், எதுவும் ஆகாது. வெற்றிலையும் வேண்டாம். அம்மாயிமார் அதை ஒரு கணக்கிலேயே சேர்க்க மாட்டார்கள், நீங்கள்தான் ஞாபகப்படுத்த வேண்டும். வழக்கமாகப் போடும் குளிசைகளை அன்று காலையில் போடலாமா என்று முதல் நாளே கேட்டு வையுங்கள். சீனிக் குளிசையைப் பட்டினியோடு போட்டுவிட்டு பஸ்ஸில் மயங்கி விழுந்தவர்கள் உண்டு.

பி.பி.பி.எஸ்., அதாவது சாப்பிட்ட பிறகு பார்க்கும் சீனி, என்று எழுதியிருந்தால் கதை வேறு. சாப்பிடத் தொடங்கிய நேரத்திலிருந்து சரியாக இரண்டு மணித்தியாலத்தில் இரத்தம் எடுக்க வேண்டும்.

மூன்றாம் படி: கையை நீட்டுதல்

நுவரெலியா, தலவாக்கலைப் பக்கத்துக் காலைக் குளிரில் நரம்பு சுருங்கிக் கிடக்கும். ஸ்வெட்டரோடு போங்கள், காத்திருக்கும்போது கைகளைத் தேய்த்துச் சூடாக்குங்கள். கையைப் பொத்திப் பொத்தித் திறக்க வேண்டாம். அதனால் பொட்டாசியம் உண்மையில் இருப்பதை விடக் கூடிக் காட்டும்.

ஒரே ஊசி, ஆனால் இரண்டு மூன்று குப்பிகள். "இவ்வளவு இரத்தமா?" என்று பயப்பட வேண்டாம், எல்லாம் சேர்த்து இரண்டு மூன்று தேக்கரண்டி கூட வராது. பெரும்பாலும் ஊதா மூடி அணுக்களை எண்ணுவதற்கு, சாம்பல் மூடி சீனிக்கு. குப்பிக்குள் போன பிறகும் இரத்த அணுக்கள் சீனியைத் தின்றுகொண்டே இருக்கும். சும்மா வைத்தால் ஒரு மணித்தியாலத்துக்கு 5 முதல் 7 வீதம் வரை குறையும். அதைத் தடுக்கத்தான் சாம்பல் மூடிக் குப்பியில் ஃபுளோரைட் போட்டிருக்கிறார்கள். நம் சின்ன டவுனில் எடுத்த இரத்தம் ஹட்டனுக்கோ கண்டிக்கோ வேனில் போய்த்தான் டெஸ்ட் ஆகிறது என்றால், எடுத்த பிறகு எவ்வளவு நேரத்தில் போகும் என்று கேட்பதில் தவறில்லை.

நான்காம் படி: தாளைப் படித்தல்

உங்கள் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சாதாரண அளவு அச்சாகியிருக்கும். ஆரோக்கியமானவர்களில் 95 வீதமானோர் அடங்கும்படி போட்ட எல்லை அது. அப்படியானால் நோயே இல்லாத இருபது பேரில் ஒருவர் வெளியே நிற்பார். ஒரு நட்சத்திரக் குறியைப் பார்த்துவிட்டு இரவெல்லாம் விழித்திருக்க வேண்டாம்.

நம் பெண்களுக்கு முக்கியமானது ஹீமோகுளோபின். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12க்குக் கீழே, ஆணுக்கு 13க்குக் கீழே என்றால் இரத்தசோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஆனால் அது கடல் மட்டத்துக்கான கணக்கு. நுவரெலியா நகரம் ஏறத்தாழ 1,870 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேலே போகப் போக மூச்சில் கிடைக்கும் ஒட்சிசன் குறைவதால் உடம்பு ஹீமோகுளோபினைக் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொள்ளும். அதனால் உயரத்துக்கு ஏற்ப எல்லையையும் கூட்டிப் பார்க்கச் சொல்கிறது அதே நிறுவனம். மேட்டுத் தோட்டத்தில் இருக்கும் பெண்ணுக்கு 12.1 வந்து, தாளில் எந்தக் குறியும் இல்லாவிட்டாலும், களைப்பும் மூச்சிரைப்பும் இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

அதே தாளில் எம்.சி.வி. இருக்கும். அது சிவப்பணுவின் பருமன். 80க்குக் கீழே போனால் இரும்புச்சத்துக் குறைவாக இருக்கலாம், பரம்பரையாக வரும் தலசீமியாக் கூறாகவும் இருக்கலாம். எது என்று பிரிக்க, உடம்பில் சேர்த்து வைத்திருக்கும் இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் மாதிரி இன்னொரு டெஸ்ட் வேண்டும். சாப்பாட்டோடு குடிக்கும் சாயம் இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. தேயிலை பறிக்கிற நமக்கு இதைச் சொல்லவே சங்கடமாக இருக்கிறது, ஆனாலும் இரும்புக் குளிசைக்கும் தேத்தண்ணிக்கும் இடையில் ஒன்றிரண்டு மணித்தியாலம் விடுங்கள்.

சீனிக்கு வருவோம். வெறும் வயிற்றில் 100க்குக் கீழே நல்லது, 126உம் அதற்கு மேலும் நீரிழிவு, நடுவில் இருப்பது எச்சரிக்கை. அம்மாவின் 109 அங்கேதான் நிற்கிறது. வேறு அறிகுறி இல்லாவிட்டால் ஒரே ஒரு டெஸ்டை வைத்து நீரிழிவு என்று முடிவு செய்ய மாட்டார்கள், இன்னொரு தடவை பார்ப்பார்கள். எச்.பி.ஏ.1.சி. 6.5 வீதமும் அதற்கு மேலும் நீரிழிவு. இதில் ஒரு சிக்கல்: இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் இந்த எண் உண்மையை விடக் கூடிக் காட்டக்கூடும். ஆகையால் இரத்தசோகை உள்ளவர் இரண்டு தாளையும் சேர்த்தே காட்ட வேண்டும்.

வெளிநாட்டில் வேலை செய்துவிட்டு வந்த அக்காமாரின் ரிப்போட்டில் சீனி 7 என்று இருக்கும். பயப்படவும் வேண்டாம், சந்தோஷப்படவும் வேண்டாம், அது வேறு அலகு. 18ஆல் பெருக்குங்கள். 7 என்பது நம் கணக்கில் 126.

ஐந்தாம் படி: ஒரே டெஸ்ட், திரும்பத் திரும்ப

கொழும்பில் கடையில் வேலை செய்யும் பிள்ளை தீபாவளிக்குக் காய்ச்சலோடு வீட்டுக்கு வருகிறான் என்று வையுங்கள். குளிர் ஊரில் டெங்கு எங்கே என்று இருந்துவிடாதீர்கள், நுளம்பு அங்கேயே கடித்திருக்கும். மூன்றாம் நாளும் காய்ச்சல் விடாவிட்டால் எஃப்.பி.சி. எடுக்க வேண்டும். வாந்தி, வயிற்றுவலி, இரத்தக் கசிவு இருந்தால் மூன்றாம் நாள் வரை பார்த்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு. எல்லோரும் பிளேட்லெட்டையே பார்ப்பார்கள். சாதாரணமாக ஒன்றரை இலட்சத்துக்கு மேல் இருப்பது ஒரு இலட்சத்துக்குக் கீழே இறங்கும். டாக்டர் அதோடு பி.சி.வி.யையும், அதாவது இரத்தத்தில் சிவப்பணு எத்தனை வீதம் என்பதையும், பார்ப்பார். இரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்தால் இரத்தம் தடித்து அது ஏறும். 36இல் இருந்தது 43, 44க்குப் போனால் ஆபத்து. முதல் தாள் கையில் இல்லாவிட்டால் ஏறியதா இறங்கியதா என்று எப்படிச் சொல்வது? காய்ச்சலுக்குப் பரசிட்டமோல் மட்டும் கொடுங்கள். அஸ்பிரின், இபுபுரோஃபன் வேண்டாம். காய்ச்சல் இறங்கும் நேரம்தான் கவனமாக இருக்க வேண்டிய நேரம்.

நீண்டகால நோய்க்கும் இதே வழிதான். கிரியாட்டினின் எல்லைக்குள் இருந்தாலும் வருஷா வருஷம் 0.7, 0.9, 1.1 என்று ஏறினால் டாக்டர் கவனிப்பார். சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் வாழ்வதால், மருந்தை மாற்றிய அடுத்த கிழமையே எச்.பி.ஏ.1.சி. பார்த்துப் பயனில்லை, மூன்று மாதம் விடுங்கள்.

ஆறாம் படி: தாளைச் சேமித்தல்

லயத்துக் கூரை ஒழுகும், தாள் நனையும். நாங்கள் பழைய பிஸ்கட் டின்னில் திகதி வரிசையில் போட்டு, கிளினிக் கொப்பியையும் அதிலேயே வைத்திருக்கிறோம். ஒவ்வொரு தாளின் மேலும் அன்று பட்டினியா, காய்ச்சலா, என்ன குளிசை என்று பென்சிலால் ஒரு வரி எழுதுங்கள்.

எங்கள் டின்னில் இப்போது 109, 112, 104 என்று மூன்று தாள் இருக்கிறது. அந்த 148ஐயும் எறியவில்லை. அதன் மேல் அக்கா "தேத்தண்ணி" என்று எழுதி வைத்திருக்கிறாள். அடுத்த மாதம் கிளினிக். அரைக் கரண்டி சீனி போடலாமா என்று டாக்டரிடம் கேட்கச் சொல்லி அம்மா இப்போதே நச்சரிக்கிறார்.