கருவிலே திருவுடையாரைப் பஞ்சப் பரதேசி ஆக்காதீர்கள்

டேபிள்டாப் ஆர்பிஜிக்கு (மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரமாக ஆடும் கதை விளையாட்டு) புதிதாக கிளாஸ் (பாத்திர வகை) எழுதுபவர்கள் வரைவைக் காட்டும்போதெல்லாம், என் பழைய நோட்டை யாரோ நகலெடுத்துவிட்டார்களோ என்று சந்தேகம் வரும். அதிலும் பிறவியிலேயே மந்திரம் வாய்த்த கிளாஸ் என்றால் சந்தேகமே இல்லை. டேமேஜ் (தாக்குதலின் சேதம்) கூடிப்போனது, அட்டவணையில் எண் மாறியது போன்ற தவறுகள் இரண்டு சோதனை ஆட்டத்தில் தானாக வெளிவந்துவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

புத்தகத்தைப் பறிகொடுத்த விசார்ட்

எல்லோரும் செய்வது இதுதான். விசார்டை (புத்தகம் படித்து மந்திரம் கற்றவர்) எடுத்துப் புத்தகத்தைப் பிடுங்கி, ஸ்பெல் (தனித்தனி மந்திரம்) எண்ணிக்கையைப் பாதியாக்கி, "இவருக்கு மந்திரம் ரத்தத்தில் ஊறியது" என்று ஒரு பத்தி கதை ஒட்டிவிடுவார்கள்.

இந்தப் பழக்கத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 2000-இல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற ஆர்பிஜியின் மூன்றாம் பதிப்பில் சார்சரர் (பிறவியிலேயே மந்திரம் வாய்த்தவர்) வந்தபோது, எந்த ஸ்பெல்லை எத்தனை முறை போடுவோம் என்று விசார்ட் முன்கூட்டியே கணக்குப்போட்டுத் தயாராக வேண்டியிருந்தது. சார்சரருக்கு அந்தத் தலைவலி இல்லை; ஸ்லாட் (அன்றைக்கு ஸ்பெல் போட மீதமுள்ள வாய்ப்பு) இருக்கும்வரை தெரிந்ததில் எதையும் போடலாம். அதற்கு விலையாக ஸ்பெல்கள் குறைவு. இரண்டாம் நிலை ஸ்பெல் விசார்டுக்கு 3-ஆம் லெவலில் (பாத்திரத்தின் வளர்ச்சிப் படி) வரும், இவருக்கு 4-இல்தான். அன்றைக்கு அது நியாயமான விலை.

2014-இல் ஐந்தாம் பதிப்பு அந்தச் சுதந்திரத்தைக் கிட்டத்தட்ட அப்படியே விசார்டுக்கும் கொடுத்தது. ஆனால் 20-ஆம் லெவலில் சார்சரருக்குத் தெரிந்தவை, கேன்ட்ரிப் (ஸ்லாட் செலவில்லாத சின்ன ஸ்பெல்) நீங்கலாக, 15 ஸ்பெல்தான். விசார்டின் புத்தகத்திலோ, தொடக்கத்தில் இருந்த ஆறும் லெவல் ஏறியதால் மட்டுமே சேர்ந்தவையுமாக 44. ஊருக்கெல்லாம் இலவசமாகக் கொடுத்துவிட்ட பொருளுக்கு இவர் மட்டும் தவணை கட்டிக்கொண்டிருந்தார்.

தெரிந்தே நானும் அதைச் செய்தேன். என் கிளாஸில் தொடக்கத்தில் மூன்று ஸ்பெல். ஒரு தோழி கடல் தெய்வத்தின் வழிவந்தவளாக ஒரு பாத்திரம் உருவாக்கினாள். நான்கு ஆட்டம் போயும் தண்ணீர் சம்பந்தமாக ஒரு ஸ்பெல்கூட அவளிடம் இல்லை. ஏன் என்று கேட்டேன்.

"இருக்கறதே மூணு இடம். அதுல தண்ணிய வெச்சுட்டு சண்டைல நான் என்ன பண்றது?"

அவள் தாளில் இருந்தவை தீ, கேடயம், தூக்கம். பக்கத்தில் இருந்த டிராகன் வம்சத்தான் தாளிலும் தீ, கேடயம், தூக்கம். கதை இரண்டு, ஆள் ஒன்றே. இடம் குறைந்தால் எவரும் எங்கும் செல்லுபடியாகும் ஸ்பெல்லைத்தான் எடுப்பார்கள். இது புரியாமல் ஆட்டக்காரர்களுக்குக் கற்பனை வறட்சி என்று வெகுநாள் திட்டிக்கொண்டிருந்தேன். இப்போது நினைத்தாலும் எரிச்சல்தான், என்மேல்.

எண்ணிக்கையை மட்டும் ஏற்றுவதும் தீர்வல்ல. அப்புறம் அது விசார்ட்தான். வம்சத்துக்குரிய ஸ்பெல்களைக் கணக்கில் சேர்க்காமல் இலவசமாகக் கொடுங்கள். 2020-இல் வந்த இரண்டு சார்சரர் மூலங்கள் (வம்சம் போன்ற உட்பிரிவுகள்) இப்படித்தான் தலைக்குப் பத்து ஸ்பெல் கூடுதலாகத் தந்தன. மீதிச் சில ஸ்பெல்களை வளைக்க வழிவிடுங்கள்: தூரத்தை நீட்டலாம், சத்தமில்லாமல் போடலாம், ஒரே ஸ்பெல்லை இருவர்மேல் ஏவலாம். விசார்டுக்கு நூறு பாட்டு தெரியட்டும். இவருக்குப் பத்துப் பாட்டை நூறு விதமாகப் பாடத் தெரிய வேண்டும்.

பிறவிக்குணம் தாமதமாக வருவது

2014 சார்சரருக்கு ஸ்பெல்லை வளைக்கும் மெட்டாமேஜிக் 3-ஆம் லெவலில்தான். அதுவரை அவருக்கும் மற்றவருக்கும் என்ன வித்தியாசம்? 2024 பதிப்பில் முதல் லெவலிலேயே, நாளுக்கு இருமுறை, ஒரு நிமிடம் மந்திரம் பொங்கும்படி செய்தார்கள். உங்கள் கிளாஸிலும் முதல் ஆட்டத்திலேயே ஏதாவது பொங்கட்டும்.

கட்டுக்கடங்காத மந்திரம்

மந்திரம் கைமீறிப்போவது டிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்) ஞாபகம் வைத்திருந்தால்தான் நடக்கும் என்றால், நடக்காது.

ஸ்லாட்டா பாயின்ட்டா

மந்திரத்துக்குச் செலவிட ஸ்லாட் ஒரு கணக்கு, பாயின்ட் (புள்ளி) ஒரு கணக்கு வேண்டாம். ஒன்று போதும்.

எட்டு வம்சம்

எடுத்த எடுப்பில் எட்டு வேண்டாம், இரண்டு எழுதுங்கள். அந்த இரண்டையும் விளையாடிப் பாருங்கள்.

இலவசத்தில் தீப்பந்து

வம்சப் பட்டியலில் நல்ல சண்டை ஸ்பெல்லை வைக்காதீர்கள். டிராகன் வம்சத்துக்கு நான் ஒரு தீப்பந்து வைத்தேன். அடுத்த ஆட்டத்துக்கு வந்த நான்கு பேரும் டிராகன் வம்சம், கடல் மகள் உட்பட.