'எ வொர்க்' வேண்டாமே: ஆங்கிலத்தில் எண்ணும் பெயர், எண்ணாப் பெயர்

ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வு எழுதப் போகிறவர்களின் கட்டுரைகளைத் திருத்துவது என் பிழைப்பு. நாங்கள் படித்த காலத்தில் சிவப்பு மையில் சுழித்து வந்த அதே வரிகள் இன்றைக்கும் அச்சு மாறாமல் வருகின்றன. 'ஃபர்னிச்சர்ஸ்', 'இன்ஃபர்மேஷன்ஸ்' வகையறாவை இங்கே விட்டுவிடுகிறேன். அவற்றுக்கு யாரிடமாவது திட்டு வாங்கித் தெரிந்துகொண்டிருப்பீர்கள்.

எண்ண முடியுமா என்று யோசிப்பது

எண்ண முடிந்தால் கவுண்டபிள், முடியாவிட்டால் அன்கவுண்டபிள் என்று பள்ளியில் சொல்லித் தருகிறார்கள். கேட்க நன்றாக இருக்கும், எழுதும்போது காலை வாரிவிடும். வானத்து நட்சத்திரங்களை யாராலும் எண்ண முடியாது, ஆனால் 'ஸ்டார்ஸ்' என்று தாராளமாக எழுதலாம். பணத்தை எண்ண வங்கியில் மெஷினே இருக்கிறது, 'மனி' அன்கவுண்டபிள். பொருளைப் பார்த்து இதை முடிவு செய்ய முடியாது. அந்தச் சொல்லை ஆங்கிலம் எப்படிப் புழங்குகிறது என்பதுதான் கணக்கு. பிரெஞ்சுக்காரர்கள் அறிவுரையைக்கூட ஒன்று, இரண்டு என்று எண்ணித்தான் பேசுகிறார்கள்.

ஆங்கிலேயர்களும் இதில் குழம்பியவர்கள்தான். பட்டாணிக்கு ஒரு காலத்தில் ஒருமையே 'பீஸ்'. கடைசியில் கேட்ட ஒலியைப் பன்மை என்று நினைத்து, அதை வெட்டிவிட்டு 'பீ' என்று புதிதாக ஒருமையை உண்டாக்கிக்கொண்டார்கள். அவர்கள் செய்தால் அகராதியில் ஏறும், நாம் செய்தால் மார்க் போகும்!

'எ வொர்க்'

எனக்கு இன்னும் எரிச்சல் தருவது இதுதான். 'ஐ ஹேவ் எ வொர்க்', 'மெனி வொர்க்ஸ் ஆர் பெண்டிங்'. நன்றாக ஆங்கிலம் பேசுகிறவர்களும் இதில் வந்து விழுகிறார்கள்.

பின்னால் ஒட்டும் எஸ்-ஐவிட முன்னால் நிற்கும் 'எ' பொல்லாதது. நம்முடைய 'ஒரு'தான் அதைக் கூட்டி வருகிறது. 'ஒரு வேலை இருக்கு', 'ஒரு தகவல் வந்தது', 'ஒரு அறிவுரை சொல்றேன்' என்று தமிழில் எதற்கும் 'ஒரு' போடலாம். பன்மைக்குக் 'கள்'கூட நமக்குக் கட்டாயமில்லை. 'ரெண்டு இட்லி', 'பத்து மாடு' என்றால் போதும். பால்பகா அஃறிணைப் பெயர் என்று இலக்கண வகுப்பில் படித்தோமே, அதேதான். எஸ் நமக்கு வெளியிலிருந்து வந்தது, அதனால் அதன் மேல் ஒரு கண் இருக்கிறது. 'ஒரு' வீட்டுச் சொல், அதை யாரும் சந்தேகப்படுவதில்லை.

நம் 'வேலை' ஆங்கிலத்துக்குப் போனால் பிரிந்துவிடும். சம்பளம் வரும் உத்தியோகம் என்றால் 'எ ஜாப்'. முடித்துக் கொடுக்க வேண்டிய தனி வேலை என்றால் 'எ டாஸ்க்'. பொதுவாக அலுவல், உழைப்பு என்றால் வெறும் 'வொர்க்': 'ஐ ஹேவ் சம் வொர்க்', 'எ லாட் ஆஃப் வொர்க் இஸ் பெண்டிங்'. அங்கே 'இஸ்' நிற்பதைக் கவனியுங்கள்.

ஒரு மாணவி விண்ணப்பக் கடிதத்தில் 'ஐ ஹேவ் டன் மெனி வொர்க்ஸ்' என்று எழுதியிருந்தார். 'ஜாப்' வேறு, 'வொர்க்' வேறு என்று விளக்கித் திருத்திக் கொடுத்தேன். கொஞ்ச நாள் கழித்து அவரிடமிருந்து மெசேஜ்: 'சார், ஐ ஹேவ் எ ஜாப் டுமாரோ ஈவ்னிங், கேனாட் கம்'. வேலை கிடைத்துவிட்டது என்று வாழ்த்து அனுப்பினேன். பாட்டியைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டுமாம். அதற்கு 'ஐ ஹேவ் சம்திங் டு டூ' போதும்.

தேர்வில் இதன் விலை அதிகம். ஐஇஎல்டிஎஸ் ரைட்டிங்கில் சம மதிப்புள்ள 4 அளவுகோல்கள், அதில் ஒன்று இலக்கணம். அதில் 7 பேண்ட், அதாவது 9-க்கு 7 மதிப்பெண், வேண்டுமென்றால் பிழையில்லாத வாக்கியங்கள் அடிக்கடி வர வேண்டும். 'வொர்க்', 'ரிசர்ச்', 'எவிடன்ஸ்', 'நாலெட்ஜ்' இல்லாமல் இந்தத் தேர்வுக் கட்டுரையை எழுதி முடிப்பது கஷ்டம். ஒரு இடத்தில் 'மெனி வொர்க்ஸ்' போட்டால் வினை 'ஆர்' ஆகிவிடும், அடுத்த வாக்கியம் 'தே' என்று ஆரம்பிக்கும். ஒரு சொல்லால் அந்தப் பத்தியே போச்சு.

'வொர்க்ஸ்' என்ற சொல்லே கிடையாதா என்று உடனே கேட்பார்கள். உண்டு. கீழ்ப்பாக்கம் வாட்டர் வொர்க்ஸ், பப்ளிக் வொர்க்ஸ் டிபார்ட்மென்ட், ஷேக்ஸ்பியரின் வொர்க்ஸ். நிலையம், கட்டுமானப் பணி, படைப்பு. நீங்கள் ஆபீசில் முடிக்காமல் வைத்திருப்பது இந்த மூன்றிலும் சேராது.

எக்ஸ்பீரியன்ஸ்

ரெஸ்யூமேயில் 'ஃபைவ் இயர்ஸ் ஆஃப் எக்ஸ்பீரியன்ஸ்', எஸ் வேண்டாம். ஊட்டிக்குப் போய் வந்த கதை என்றால் 'எ நைஸ் எக்ஸ்பீரியன்ஸ்' சரி.

நியூஸ்

ஒருமை.

அளவுக்கு மீறித் திருத்திக்கொள்வது

பயந்துபோய் எல்லாவற்றுக்கும் 'எ பீஸ் ஆஃப்' சேர்க்கிறவர்கள் உண்டு. 'எ பீஸ் ஆஃப் ரைஸ்' என்றுகூட பார்த்துவிட்டேன். அரிசிக்கு 'எ கிரெய்ன் ஆஃப்'. அறிவுரைக்கு 'எ பீஸ் ஆஃப்' வரும், ஆனால் பேச்சில் 'சம் அட்வைஸ்' போதும். கடையில் 'டூ காஃபீஸ் ப்ளீஸ்' என்று கேட்பதில் ஒரு தப்பும் இல்லை.

பட்டியலை மனப்பாடம் செய்வது

வேண்டாம். ஆக்ஸ்ஃபோர்டு, லாங்மேன் போன்ற லேர்னர்ஸ் டிக்‌ஷனரிகளில் ஒவ்வொரு பொருளுக்கும் பக்கத்தில் சி (கவுண்டபிள்) அல்லது யூ (அன்கவுண்டபிள்) என்று போட்டிருக்கும். ஒரே சொல்லுக்குப் பொருள் மாறினால் அதுவும் மாறும், அதனால் முதல் வரியோடு மூடிவிடாதீர்கள்.

ஹேர்

தலையில் இருக்கும்வரை 'ஹேர்'. சாம்பாரில் கிடந்தால் 'எ ஹேர்'. இரண்டு கிடந்தால் 'டூ ஹேர்ஸ்' என்றே சர்வரிடம் சண்டை போடலாம்.